சாம்பலுக்கும் ஒரு கல்லறை வேண்டும்: கருங்கல் மாடங்களைத் தெரிவு செய்வது குறித்து ஒரு சிந்தனை



நவம்பர் மாதம் இறந்த விசுவாசிகளுக்காகத் தாய்த் திருச்சபை சிறப்பாக மன்றாடுகின்ற மாதம். நவம்பர் 2ஆம் நாளிலே தாயகத்தில் நமது சேமக்காலைகள் மெழுகுதிரி வெளிச்சத்தால் நிறைந்திருக்கும். கல்லறைகளுக்கு வெள்ளையடித்து, பூ வைத்து, குருவானவர் வந்து மந்திரிக்கும் வரை குடும்பமாகக் காத்திருப்பது நம்மோடு கூடப் பிறந்த பழக்கம். ஆனால் கனடாவில், குறிப்பாக ரொறன்ரோவிலும் அதன் சுற்று நகரங்களிலும் வாழும் நம்மவர் குடும்பங்களில் இப்போது ஒரு புதிய கேள்வி எழுந்துள்ளது. உடல் தகனம் செய்யப்பட்ட பின் கையில் கிடைக்கின்ற சாம்பலை எங்கே வைப்பது? சேமக்காலையில் கருங்கல்லால் கட்டப்பட்ட சாம்பல் மாடங்களில் ஒன்றை வாங்கச் சொல்கின்றார்கள். அதை எப்படித் தெரிவு செய்வது?

கனடாவில் இன்று இறப்பவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் தகனம் செய்யப்படுகின்றனர். செலவு, இடவசதி, உறவினர் பல நாடுகளில் பரந்திருப்பது எனக் காரணங்கள் பல. கத்தோலிக்கரும் இதற்கு விலக்கல்ல. இலங்கையில்கூட 2020 ஏப்ரல் முதல் 2021 பெப்ரவரி வரை கொரோனாத் தொற்றினால் இறந்த அனைவரையும் தகனம் செய்ய வேண்டும் என அரசு கட்டாயப்படுத்தியதை நாம் மறக்கவில்லை. ஆகவே இதைத் தூர தேசத்துக் கேள்வி என்று ஒதுக்கிவிட முடியாது. கல்லைப் பற்றிப் பேசும் முன், அந்தக் கல்லுக்குள் நாம் வைப்பது என்ன என்பதைத் திருச்சபையிடம் கேட்டறிவோம்.

திருச்சபை கற்பிப்பது என்ன?

தொடக்க காலம் முதல் கிறிஸ்தவர்கள் தம் இறந்தோரை மண்ணில் அடக்கம் செய்தே வந்தனர். ஆண்டவர் இயேசுவும் பாறையில் வெட்டப்பட்ட கல்லறையிலே வைக்கப்பட்டார், அங்கிருந்தே உயிர்த்தெழுந்தார். திருமுழுக்கினால் தூய ஆவியின் ஆலயமாகிய உடல், உயிர்ப்பின் நாளுக்காக நிலத்தில் விதைக்கப்படுகின்றது என்பதே நமது விசுவாசம். இறந்தோரை அடக்கம் செய்வது உடல் சார்ந்த ஏழு இரக்கச் செயல்களில் ஒன்றாகவும் எண்ணப்படுகின்றது.

19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் சிலர் உயிர்ப்பை மறுக்கும் அடையாளமாகவே தகனத்தைப் பரப்பினார்கள். அதனால் 1886ஆம் ஆண்டு திருச்சபை அதைத் தடை செய்தது. 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டமும் அத்தடையை உறுதி செய்தது. பின்னர் 1963ஆம் ஆண்டு வெளிவந்த அறிவுறுத்தல், தகனம் தன்னிலேயே விசுவாசத்திற்கு எதிரானது அல்ல என்று விளக்கி, தடையைத் தளர்த்தியது. இன்று நடைமுறையிலுள்ள 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம், எண் 1176இல், அடக்கம் செய்யும் பக்தியான வழக்கத்தையே திருச்சபை பெரிதும் விரும்புவதாகவும், கிறிஸ்தவப் போதனைக்கு முரணான நோக்கத்தோடு தெரிவு செய்யப்பட்டாலன்றித் தகனத்தைத் தடுக்கவில்லை என்றும் கூறுகின்றது.

ஆனால் சாம்பலை என்ன செய்வது என்ற கேள்விக்குத் தெளிவான பதில் 2016ஆம் ஆண்டிலேயே விரிவாகக் கிடைத்தது. திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களின் அங்கீகாரத்தோடு விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் அந்த ஆண்டு ஒக்டோபரில் வெளியிட்ட அறிவுறுத்தல் நான்கு காரியங்களைச் சொல்கின்றது. முதலாவது, சாம்பல் ஒரு புனித இடத்திலே, அதாவது சேமக்காலையிலோ, ஆலயத்திலோ, இதற்கென ஒதுக்கி அர்ச்சிக்கப்பட்ட இடத்திலோ வைக்கப்பட வேண்டும். இரண்டாவது, மிக அரிதான சூழ்நிலைகளில் ஆயரின் அனுமதியோடு தவிர, வீட்டில் வைத்திருக்கக்கூடாது. மூன்றாவது, குடும்பத்தினர் அதைத் தமக்குள் பங்கிட்டுக் கொள்ளக்கூடாது. நான்காவது, காற்றிலோ, நிலத்திலோ, கடலிலோ தூவக்கூடாது. நகைகளிலும் நினைவுப் பொருட்களிலும் அடைத்து வைக்கக்கூடாது.

ஒன்ராறியோ மாகாணச் சட்டம் யாரும் குடியிராத அரச நிலத்திலும் ஏரிகளிலும் சாம்பலைத் தூவ இடமளிக்கின்றது. நாட்டின் சட்டம் தடுக்காத ஒன்று விசுவாசத்திற்கும் ஏற்றது என்று நாம் எண்ணிவிடக்கூடாது.

வீட்டில் வைத்தால் என்ன?

“சுவாமி, அம்மாவை எங்களோடேயே வைத்திருக்கிறோம். சுரூபத்துக்குப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு நாளும் திரி கொளுத்துகிறோம். இதில் என்ன பிழை?” என்று அன்போடு கேட்பவர்கள் உண்டு. இந்த அன்பை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் நாம் கொஞ்சம் தூரம் பார்க்க வேண்டும். அம்மாவை அறிந்த பிள்ளைகள் இருக்கும் வரை அந்தக் கலசம் பத்திரமாக இருக்கும். பிள்ளைகளுக்குப் பின்? வீடு விற்கப்படும், பேரப்பிள்ளைகள் வேறு நகரத்திற்குப் போவார்கள். ஒருநாள் யாரோ ஒருவர் ஒரு பெட்டியைத் திறந்து, இது யாருடையது என்று தெரியாமல் நிற்பார். முதல் தலைமுறை கடந்த பின் இறந்தவர் மறக்கப்படும் ஆபத்தைத்தான் 2016ஆம் ஆண்டின் அறிவுறுத்தலும் சுட்டிக்காட்டுகின்றது.

இன்னுமொன்று. வீட்டிலிருக்கும் கலசத்தின் முன் குடும்பத்தார் மட்டுமே செபிக்க முடியும். சேமக்காலையிலுள்ள கல்லறையின் முன் பங்கு முழுவதும் செபிக்கின்றது. பக்கத்துக் கல்லறைக்கு வந்த முன்பின் அறியாத ஒருவர் பெயரை வாசித்து ஒரு அருள் நிறைந்த மந்திரம் சொல்லிவிட்டுப் போகின்றார். இறந்தவர் குடும்பத்திற்கு மட்டும் உரியவர் அல்லர். திருமுழுக்கினால் அவர் திருச்சபைக்கும் உரியவர்.

சாம்பல் என்று நாம் சொன்னாலும், அது விறகுச் சாம்பல் போன்றதல்ல. தகன அறையின் கடும் வெப்பத்தில் எஞ்சுவது எலும்புகளே. அவற்றைப் பொடியாக்கித்தான் நமது கையில் தருகின்றார்கள். பெரியவர் ஒருவருக்கு அது பொதுவாக 2 முதல் 3 கிலோகிராம் வரை இருக்கும். எனவே நாம் கையில் ஏந்துவது திருமுழுக்குத் தண்ணீர் பட்ட, நற்கருணையால் ஊட்டப்பட்ட உடலின் எச்சம். இதை மனதில் கொண்டால் மாடத்தைத் தெரிவு செய்வது தளபாடம் வாங்குவது போலன்றி, கல்லறை தேடுவதாக மாறிவிடும்.

புறாமாடம்

சாம்பல் மாடத்தை ஆங்கிலத்தில் கொலம்பேரியம் என்கின்றார்கள். இது ஒரு இலத்தீன் சொல். புறாவைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது, ‘புறாமாடம்’ என்பதே அதன் நேர்ப்பொருள். பழைய உரோமையர் நிலத்தடி மண்டபங்களின் சுவர்களில் வரிசை வரிசையாகக் குழிகள் அமைத்து, அவற்றில் சாம்பல் கலசங்களை வைத்தார்கள். பார்வைக்கு அது புறாக்கூடு போல் இருந்ததால் அப்பெயர் வந்தது. உரோமை நகரில் 1831ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட பொம்போனியுஸ் ஹீலாஸ் என்பவரின் மாடத்தை இன்றும் காணலாம். அதே நகரில் கிறிஸ்தவர்கள் சுரங்கக் கல்லறைகளில் தம் இறந்தோரை உடலோடு அடக்கம் செய்தனர் என்பதும் நமக்குத் தெரிந்ததே.

தமிழிலும் இச்சொல் அழகாகப் பொருந்துகின்றது. சுவரில் விளக்கு வைக்கும் குழியையும் மாடம் என்கின்றோம், புறா தங்கும் இடத்தையும் மாடம் என்கின்றோம். ஒளியும், தூய ஆவியின் அடையாளமாகிய புறாவும் தங்கும் இடத்தின் பெயரையே இறந்தோரின் இளைப்பாறும் இடத்திற்கும் நாம் வைக்கலாம் அல்லவா!

ஏன் கருங்கல்?

கனடாவின் குளிர்காலம் நாம் அறிந்ததே. அந்நாட்களில் நிலம் உறைந்து பாறைபோல் ஆகிவிடும். ரொறன்ரோவில் 1855ஆம் ஆண்டு திறக்கப்பட்ட புனித மிக்கேல் கத்தோலிக்க சேமக்காலையில் எண்கோண வடிவிலான ஒரு பழைய கட்டடம் உண்டு. குழி வெட்ட முடியாத மாதங்களில், பனி உருகும் வரை உடல்களை வைத்திருப்பதற்காகவே அது கட்டப்பட்டது. அப்படிப்பட்ட காலநிலையில் வெளியிலே நிற்கும் மாடத்திற்கு எந்தக் கல்லும் சரிவராது.

கல்லுக்குப் பகை நீர்தான். நீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பருக்கின்றது. கல்லின் நுண்துளைகளில் புகுந்த நீர் உறைந்தும் உருகியும் ஆண்டுக்குப் பல தடவை அக்கல்லைத் தள்ளிப் பிளக்கின்றது. கருங்கல் மிக இறுக்கமானது. கட்டட வேலைக்கு உரிய தரமான கருங்கல், தன் எடையில் 0.4 சதவீதத்திற்கு மேல் நீரை உறிஞ்சக்கூடாது என்பது வட அமெரிக்கத் தர நியமம். மணற்கல் இதைவிடப் பல மடங்கு நீரை உறிஞ்சும். சலவைக்கல் பார்வைக்கு அழகானது, ஆலயப் பீடங்களுக்கு உகந்தது. ஆனால் அது மென்மையானது; அமில மழை அதைக் கரைக்கும். பழைய சேமக்காலைகளில் சலவைக்கல்லில் வெட்டிய பெயர்கள் நூறு ஆண்டுகளில் மங்கி வாசிக்க முடியாமல் போயிருப்பதைப் பார்க்கலாம். பெயர் வாசிக்கப்பட வேண்டும் என்பதற்காகவே கருங்கல்லை நாடுகின்றோம்.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் ஸ்ரான்ஸ்டெட் பகுதியிலிருந்தும், அமெரிக்காவின் வேர்மொன்ற் மாநிலத்திலுள்ள பாரே நகரிலிருந்தும் சாம்பல் நிறக் கருங்கல் பெருமளவில் வெட்டப்படுகின்றது. பளபளக்கும் கறுப்புக் கல்லோ பெரும்பாலும் தென்னிந்தியாவிலிருந்து வருகின்றது. கிருஷ்ணகிரி, விழுப்புரம் மாவட்டங்களின் கற்கள் உலகெங்கும் கல்லறைகளில் நிற்கின்றன. யாழ்ப்பாணத்தில் பிறந்து ரொறன்ரோவில் இறந்த ஒருவரின் பெயர், தமிழ்நாட்டில் தமிழர் கைகளால் வெட்டப்பட்ட கல்லில் பொறிக்கப்படுவது இன்று நடக்கக்கூடிய காரியமே.

அந்தக் கைகளையும் நாம் நினைக்க வேண்டும். கருங்கல்லை வெட்டும்போதும் தீட்டும்போதும் எழும் நுண்ணிய சிலிக்காத் தூசி நுரையீரலில் படிந்து, சிலிக்கோசிஸ் என்னும் மாறாத நோயை உண்டாக்குகின்றது. நீர் தெளித்து வெட்டுவதாலும் தகுந்த முகமூடி அணிவதாலும் இதைப் பெரிதும் தவிர்க்கலாம். பங்குச் சபைகள் கல் வாங்கும்போது, “இது எந்தக் குவாரியிலிருந்து வருகிறது? வேலையாட்களுக்கு என்ன பாதுகாப்பு இருக்கிறது?” என்று விற்பனையாளரிடம் கேட்பது நீதியின் கடமை. ஒருவருடைய இளைப்பாற்றிக்காக இன்னொருவர் மூச்சு இழக்கக்கூடாது.

கவனிக்க வேண்டியவை

மாடங்கள் இரண்டு விதமாகக் கட்டப்படுகின்றன. முழுவதும் கருங்கல் பலகைகளைப் பொருத்தி அமைப்பது ஒன்று. உள்ளே கொங்கிறீற் கூடும் வெளியே கருங்கல் போர்வையும் கொண்டது மற்றொன்று. இரண்டாவது விலை குறைந்தது, அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் போர்வைக் கல்லுக்கும் கொங்கிறீற்றுக்கும் இடையில் நீர் புகாதபடி இணைப்புகள் சரியாக அடைக்கப்பட்டுள்ளனவா, அவற்றை யார் எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பார்கள் என்று கேட்க வேண்டும்.

அத்திவாரம் பனி உறையும் ஆழத்திற்குக் கீழே செல்ல வேண்டும். ரொறன்ரோப் பகுதியில் இது ஏறத்தாழ 1.2 மீற்றர். ஆழம் போதாவிட்டால், நிலம் உறைந்து மேலெழும்போது மாடமும் சரியும், கதவுகளும் இறுகிவிடும். மேல் மூடுகல் சற்றுச் சரிவாகவும், சுவரைத் தாண்டி வெளியே நீண்டும் இருந்தால் மழைநீர் பெயர்களின் மேல் வழியாது. கதவுகளைப் பிடிக்கும் திருகாணிகள் துருப்பிடிக்காத உருக்காகவோ வெண்கலமாகவோ இருத்தல் நல்லது. சாதாரண இரும்பு சில ஆண்டுகளில் துருவாக வடிந்து கல்லில் கறை பிடிக்கும். கருங்கல் கதவுக்கு உள்ளே இன்னொரு மூடி இருப்பதும் விரும்பத்தக்கது. பெயர் பொறிக்கக் கதவைக் கழற்றினாலும் கலசம் வெளியே தெரியாது.

உள்ளளவையும் விசாரிக்க வேண்டும். வட அமெரிக்காவில் மாடங்கள் பெரும்பாலும் ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 12 அங்குலம் கொண்டவை. பெரியவர் ஒருவருக்கான வழமையான கலசம் 200 கன அங்குலம், அதாவது ஏறக்குறைய 3.3 லீற்றர் கொள்ளும். கணவன் மனைவி இருவருக்குமாக ஒரே மாடத்தை எடுக்க நினைப்பவர்கள், கலசத்தை வாங்கும் முன்னரே மாடத்தின் அளவை எழுத்தில் பெற்றுக்கொள்ளட்டும். முதல் கலசம் அகலமாக இருந்ததால் இரண்டாவதற்கு இடமில்லை என்று பின்னர் வருந்துவதில் பயனில்லை.

வரிசையின் உயரமும் சிந்திக்க வேண்டியதே. கண் மட்டத்திலுள்ள வரிசைகளுக்கு விலை அதிகம்; கீழ் வரிசைகளுக்கும் உச்சி வரிசைக்கும் குறைவு. இறைவன் முன்னிலையில் மேல் வரிசை கீழ் வரிசை என்ற வேறுபாடு இல்லை என்பதைக் குடும்பங்களுக்கு உறுதியாகச் சொல்லலாம். ஆனால் செபிக்க வரப்போவது வயது முதிர்ந்த துணைவர் என்றால், அவருடைய கை அந்தப் பெயரைத் தொடக்கூடிய இடமாக இருப்பது பெரிய ஆறுதல். சக்கர நாற்காலியில் வருபவருக்குக் கீழ் வரிசையே வசதி. பனிக்காலத்திலும் பாதை துப்புரவாக்கப்படுமா என்பதையும் கேட்டு வையுங்கள்.

பெயரைப் பொறித்தல்

மாடத்தின் மிக முக்கியமான பகுதி அதன் கதவிலுள்ள பெயர். கிறிஸ்தவன் பெயர் சொல்லி அழைக்கப்பட்டவன். திருமுழுக்கிலே பெறும் பெயரை இறைவன் அறிவார். ஆகவே பெயரற்ற மாடம் நமக்கு ஏற்றதல்ல. திருமுழுக்குப் பெயரையும் வழங்கும் பெயரையும், பிறந்த இறந்த ஆண்டுகளையும், ஒரு சிலுவையையும் பொறித்தால் போதும். 12 அங்குலக் கதவில் அதற்கு மேல் எழுதினால் எழுத்து சிறுத்து வாசிக்க முடியாமல் போகும்.

தமிழில் பொறிக்க விரும்புவோர் மிகுந்த கவனம் எடுக்க வேண்டும். கல் பொறிப்பவருக்குத் தமிழ் தெரியாது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து அனுப்பிய பெயர், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களாகத் தோன்றும். யூனிகோட்டில் அனுப்பினாலும், தமிழைச் சரியாகக் கையாளாத மென்பொருளில் கொம்பும் காலும் இடம் மாறிவிடும். ‘யோசேப்பு’ என்ற சிறிய பெயரிலேயே இதற்கு இரண்டு இடங்கள் உண்டு. எனவே பெயரை எழுத்தாக அனுப்பாமல் படமாகவோ, கோட்டுருவாக மாற்றிய பீடிஎஃப் ஆகவோ கொடுங்கள். உண்மை அளவில் அச்சிட்ட மாதிரியைக் கேட்டு வாங்கி, தமிழ் வாசிக்கத் தெரிந்த இருவர் புள்ளி புள்ளியாகப் பார்த்த பின்னரே கையொப்பமிடுங்கள். கருங்கல்லில் வெட்டிய பிழையை அழிக்க முடியாது, கதவையே மாற்ற வேண்டியிருக்கும்.

மணலை அழுத்தக் காற்றால் வீசி ஆழமாகப் பொறிப்பது நீண்ட காலம் நிற்கும். லேசர் முறையில் முகப்படம் வரைவது தீட்டிய கறுப்புக் கல்லில் மட்டுமே நன்றாகத் தெரியும். அது ஆழம் குறைந்தது. பேரப்பிள்ளைகள் தமிழ் வாசிக்க மாட்டார்கள் என்ற கவலை இருந்தால், தமிழ்ப் பெயரின் கீழே ஆங்கிலத்திலும் எழுதலாம். அவர்களும் அந்தப் பெயரைக் கண்டுபிடித்துச் செபிக்க வேண்டும் அல்லவா?

ஒப்பந்தத்தில் கையொப்பமிடும் முன்

ஒன்ராறியோவில் மாடத்தை வாங்குபவர் அந்தக் கல்லுக்கோ நிலத்திற்கோ சொந்தக்காரர் ஆவதில்லை. அதில் சாம்பலை வைக்கும் உரிமையையே வாங்குகின்றார். விலையில் ஒரு பகுதியைச் சேமக்காலை நிர்வாகம் பராமரிப்பு நிதியத்தில் இட வேண்டும் என்பது சட்டம். ஒப்பந்தம் செய்து 30 நாட்களுக்குள், உரிமையைப் பயன்படுத்தாதிருந்தால், அதை இரத்துச் செய்து முழுப் பணத்தையும் மீளப் பெறலாம். துக்க வீட்டின் அவசரத்தில் முடிவெடுத்தவர்களுக்கு இது நல்ல பாதுகாப்பு.

விலையில் எவை அடங்கும் என்று தனித்தனியாகக் கேளுங்கள்: மாடத்தின் உரிமை, திறந்து மூடும் கட்டணம், பெயர் பொறிக்கும் கூலி, இரண்டாவது கலசத்திற்கான கட்டணம். பூச்சாடி, மெழுகுதிரி ஆகியவற்றிற்கு என்ன விதிகள் என்பதையும் முன்கூட்டியே அறிந்துகொள்ளுங்கள். நம்மவர்கள் திரி கொளுத்தாமல் செபிப்பது அரிது. ஆனால் தீட்டிய கல்லில் மெழுகும் புகையும் படியும் என்பதால் பல இடங்களில் பொதுவான ஒரு மேடையிலேயே திரி வைக்க விடுகின்றார்கள்.

ஐரோப்பிய நாடுகளில் வாழும் நம்மவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஜேர்மனி போன்ற நாடுகளில் கல்லறைக்கும் மாடத்திற்கும் உரிமை குறிப்பிட்ட ஆண்டுகளுக்கே வழங்கப்படுகின்றது. அந்தக் காலம் முடிந்த பின் புதுப்பிக்கலாமா, புதுப்பிக்காவிட்டால் சாம்பல் எங்கே போகும், அந்த இடம் புனித இடமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்வது அவசியம்.

ஊருக்குக் கொண்டு போகலாமா?

“அப்பா கடைசி வரையும் ஊரையே நினைத்துக்கொண்டிருந்தார். பாதியை இங்கே வைத்து, பாதியை ஊரில் அடக்கம் செய்யலாமா?” இந்தக் கேள்வி கண்ணீரோடு கேட்கப்படுகின்றது. முழுச் சாம்பலையும் ஊருக்குக் கொண்டுபோய், சேமக்காலையில் பெற்றோரின் கல்லறையிலே அடக்கம் செய்யத் திருச்சபை தடை சொல்லவில்லை. எகிப்தில் இறந்த யோசேப்பின் எலும்புகளை மோசே தம்மோடு எடுத்துச் சென்றதை விடுதலைப் பயண நூலில் நாம் வாசிக்கின்றோம். சொந்த மண்ணில் இளைப்பாற விரும்புவது விசுவாசத்திற்கு எதிரானதல்ல. ஆனால் பங்கிடுவது வேறு.

2023ஆம் ஆண்டு டிசெம்பரில், பொலோஞா பேராயர் கர்தினால் மத்தேயோ சுப்பி அவர்களின் கேள்விகளுக்குப் பதிலளித்த விசுவாசக் கோட்பாட்டுத் திருப்பீடத் துறை, சாம்பலின் மிகச் சிறிய பகுதியொன்றை இறந்தவரின் வாழ்வோடு தொடர்புடைய இடமொன்றில் வைப்பதற்கான வேண்டுகோளைத் திருச்சபை அதிகாரிகள் பரிசீலிக்கலாம் என்று கூறியது. விசுவாசத்திற்கு மாறான எந்தக் கருத்தும் அதில் கலந்திருக்கக்கூடாது. சாம்பலும் புனித இடத்தில் வைக்கப்பட்டிருக்க வேண்டும். ஆகவே இதைக் குடும்பம் தானாகத் தீர்மானிக்க முடியாது. பங்குத்தந்தையிடம் சொல்லி, மறைமாவட்டத்தின் வழிகாட்டலைப் பெற்றே செய்ய வேண்டும்.

விமானத்தில் கொண்டு செல்பவர்கள், பாதுகாப்புச் சோதனைக் கருவி ஊடுருவிப் பார்க்கக்கூடிய மரம், பிளாஸ்ரிக் அல்லது கடினமான அட்டைப் பேழையைத் தெரிவு செய்ய வேண்டும். உலோகக் கலசத்தைச் சோதனையில் அனுமதிக்க மாட்டார்கள். மரணச் சான்றிதழையும் தகனச் சான்றிதழையும் கையோடு வைத்திருங்கள். ஊரிலுள்ள பங்குத்தந்தைக்கு முன்கூட்டியே அறிவியுங்கள்.

வசதி இல்லாதவர்களுக்கு

கருங்கல் மாடம் எல்லோராலும் வாங்கக்கூடியதல்ல. அதற்காகக் கடன்பட வேண்டும் என்று திருச்சபை யாரிடமும் கேட்கவில்லை. சாம்பலை மண்ணிலே ஒரு சிறிய குழியில், ஏற்கெனவே உள்ள குடும்பக் கல்லறையிலேயே, அடக்கம் செய்யலாம். பல சேமக்காலைகளில் இது மாடத்தைவிடச் செலவு குறைந்தது. மண்ணுக்குத் திரும்பும் அடையாளமும் இதில் தெளிவாகத் தெரிகின்றது. பலருடைய சாம்பலை ஒன்றாக வைக்கும் பொதுவான புனித இடத்தையும், ஒவ்வொருவரின் பெயரும் அங்கே குறிக்கப்படுமானால், 2023ஆம் ஆண்டின் அதே பதில் அனுமதித்துள்ளது. கல் எதுவானாலும், இடமும் பெயரும் இருக்க வேண்டும் என்பதே திருச்சபையின் கவலை.

பங்குச் சபைகளும் பக்தி சபைகளும் இங்கே ஒரு நல்ல காரியம் செய்யலாம். சில மாடங்களைப் பொதுவில் வாங்கி, உறவினர் இல்லாமல் இறக்கும் முதியோருக்கும், அகதியாக வந்து தனியே வாழ்ந்தவர்களுக்கும் ஒதுக்கலாம். தன் மக்களில் இறந்தவர்களை ஆபத்தையும் பாராமல் அடக்கம் செய்த தோபித்தை நாம் போற்றுகின்றோம். அவரைப் பின்பற்ற இன்றும் வழி உண்டு.

அன்பர்களே, இறுதியாக ஒரு வேண்டுகோள். கூடுமானால் உடலை ஆலயத்திற்குக் கொண்டுவந்து அடக்கத் திருப்பலியை ஒப்புக்கொடுத்த பின்னரே தகனம் செய்யுங்கள். இதுவே திருச்சபை விரும்பும் ஒழுங்கு. பின்னர் சாம்பலை வைக்கும் நாளிலும் குருவானவரை அழைத்து, உறவினர் கூடி, அடக்கச் சடங்கின் செபங்களோடு மாடத்தை மூடுங்கள். 31ஆம் நாள் திருப்பலிக்கு வருவோர் அன்றே மாடத்தையும் சந்திக்கலாம். நவம்பர் முதலாம் நாள் முதல் எட்டாம் நாள் வரை சேமக்காலையைச் சந்தித்து, வழமையான நிபந்தனைகளை நிறைவேற்றி இறந்தோருக்காகச் செபிப்பவர்கள், அவர்களுக்காக நிறைபலனைப் பெற்றுக்கொடுக்க முடியும் என்பதையும் மறவாதிருங்கள்.

வயது சென்ற பெற்றோர் உள்ள குடும்பங்கள், இக்காரியங்களை அவர்களோடு இப்போதே மனம் திறந்து பேசுவது நல்லது. எங்கே இளைப்பாற விரும்புகிறீர்கள் என்று பிள்ளைகள் கேட்பதில் அபசகுனம் ஒன்றுமில்லை. நல்ல மரணத்திற்காகப் புனித சூசையப்பரிடம் தினமும் மன்றாடுகின்ற நாம் அதைப் பற்றிப் பேச ஏன் தயங்க வேண்டும்?

கருங்கல்லும் ஒருநாள் தேயும். பெயர்களும் ஒருநாள் அழியும். ஆனால் ஆண்டவரின் கல்லறையை மூடிய கல் புரட்டப்பட்டது போல், நமது மாடங்களும் திறக்கப்படும் நாள் வரும் என்பதே நமது நம்பிக்கை. அந்த நாள் வரையும் நம் அன்புக்குரியவர்களுக்கு ஒரு புனித இடத்தையும், வாசிக்கக்கூடிய ஒரு பெயரையும், அதன் முன் நின்று செபிக்கும் ஒரு சமூகத்தையும் கொடுப்போம். இறந்த நம் உறவுகள் அனைவரையும் இறைவனின் இரக்கத்தில் ஒப்படைத்து, இந்த நவம்பரில் சேமக்காலை நோக்கிச் செல்வோம். இறை ஆசீர் உங்கள் குடும்பங்களோடு என்றும் இருப்பதாக!